பாரிஸில் எனக்குச் சோறு போட்டவள்

நான் பொய் சொன்னேன். மாரியம்மன் கோயில் வாசலில், தோளில் பொன்னாடையோடு நின்று, தோட்டமே கேட்கச் சொன்னேன். என் பசியைத் தீர்த்தவளின் பெயரை அன்று விழுங்கிவிட்டேன்.

இதை முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு கொழுந்துக்கூடை தூக்கியவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். நீங்களும் அவசரப்படாமல் படியுங்கள்...

இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். கும்மியும் தாலாட்டும் பாடுவேன். திருவிழாவில் முதல் கும்மியை நான் எடுத்துக் கொடுத்த பிறகுதான் மற்றப் பெண்கள் கை தட்டுவார்கள். அந்த இடம் நாற்பது வருடமாக என்னுடையது. அதில் எனக்குத் திமிர் உண்டு. அதை ஏன் மறைக்க வேண்டும்?

இரண்டு வருடங்களுக்கு முன் பாரிஸில் நடந்த ஒரு பாட்டு விழாவுக்கு என்னை அழைத்தார்கள். ஆறு நாள். நல்ல மனிதர்கள், ஓட்டலில் மெத்தை போட்ட அறை தந்தார்கள். ஆனால் சாப்பாடு! காலையில் தடிபோல நீண்ட பாண் ரொட்டி. வெளியே விறகு, உள்ளே பஞ்சு. மத்தியானம் பச்சை இலைகளைக் கழுவித் தட்டில் வைத்தார்கள். நான் ஆட்டுக்குப் போடுவதை எனக்கே போட்டார்கள். இரண்டாம் நாள் பாடிப் பார்த்தபோது, உயர எடுத்த இடத்தில் குரல் உடைந்தது. அந்நிய ஊரில் குரலும் போனால் நான் யார்? அறைக்குப் போய் அழுதேன்.

அன்று மாலை கதவைத் தட்டியவள் கையில் ஒரு டிபன் கேரியர்.

“பெரியம்மா, என்னைத் தெரியுதுங்களா? நோட்டீஸ்ல ஒங்க படத்தப் பாத்துட்டு ஓடியாந்தேன். நம்ம தோட்டந்தாங்க. கீழ் லயத்து மாரியாயி மக, செல்வி.”

தெரிந்தது. மாரியாயி எங்கள் தோட்டத்து வாசக்கூட்டி. லயத்து வரிசை வீடுகளின் சாக்கடைக் கான்களையும் கக்கூசுகளையும் கழுவுகிறவள். என் வீட்டு வெளிச்சுவரில் அவளுக்கென்று ஒரு தகரக் கோப்பை ஆணியில் தொங்கும். தேத்தண்ணியை எட்ட நின்று ஊற்றுவேன். அவர்கள் வீட்டில் எங்கள் ஆட்கள் கை நனைப்பதில்லை. அது வழக்கம். வழக்கம் என்று எழுதிவிட எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

“மிளகு ரசங்க. ஆறுறதுக்குள்ள குடிங்க. கருவாட்டுக் கொழம்பும் இருக்கு. வாசத்துக்கு ஓட்டல்காரன் ஓடியாந்தா நான் பாத்துக்கிறேன்.”

யோசித்தேனா? யோசித்தேன்... அவள் மூடியைத் திறக்கும் வரை.

அந்தச் சோற்றை எப்படிச் சொல்வேன்! தொண்டையில் இறங்கிய ரசம் கால் விரல் வரை சுட்டது. நான் உண்ட வேகத்தைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. தண்ணீரை மட்டும் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

அதன் பிறகு தினமும் வந்தாள். வேறொரு ஓட்டல் சமையலறையில் வேலை முடித்த கையோடு வருவாள். பூமிக்கு அடியில் ஓடும் ரயிலில் ஊர் காட்டினாள். ஓடுகிற படிக்கட்டைக் கண்டு நான் பின்வாங்கியபோது கையைப் பிடித்தாள்.

“படிதான் பெரியம்மா ஓடுது. நீங்க சும்மா நில்லுங்க.”

“ஏன்டி, இந்தச் சனமெல்லாம் காலைப் பெரட்டுக்குப் பேர் குடுக்கப் பிந்தின மாதிரி ஓடுது?”

“இங்கயும் கங்காணி இருக்காங்கள்ல!”

தெருவோரம் சுட்டு விற்ற ஏதோ கொட்டையை வாங்கி உரித்துத் தந்தாள்; பலாக்கொட்டை ருசி. நான்காம் நாள் அவள் வீட்டில், அவள் தட்டில், அவளோடு உட்கார்ந்து ரொட்டியும் மாசிச் சம்பலும் சாப்பிட்டேன். மறுநாள் மேடையில் குரல் தெளிந்து நின்றது. மொழி தெரியாத வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அந்தக் குரலை எனக்குத் திருப்பித் தந்தவள் செல்வி. இதை எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன் என்று அன்று நினைத்தேன்.

விமான நிலையத்தில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“நான் ஆக்கிப் போட்டத நீங்க சாப்பிட்டீங்கன்னு ஊர்ல சொல்லுங்க பெரியம்மா. எல்லாரும் இருக்கறப்ப சொல்லுங்க. எங்க அம்மா காதுல அது விழணும்.”

“சொல்லாமப் போவேனா, புள்ள!” என்றேன்.

ஊர் திரும்பியதும் கோயிலில் எனக்குப் பாராட்டு வைத்தார்கள். தோட்டத் தலைவர் பொன்னாடை போர்த்திவிட்டுக் கேட்டார்: “ஏங்கக்கா, ஆறு நாளும் எப்படிச் சமாளிச்சீங்க? அங்க யாரு ஒங்களுக்கு ஆக்கிப் போட்டது?”

தண்ணீர்க் குழாயருகே மாரியாயி நின்றாள். மகள் அனுப்பிய புதுச்சேலை. தலைவாரிப் பூ வைத்திருந்தாள். செல்வி முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்... இல்லாவிட்டால் அவள் ஏன் அப்படி உடுத்தி வந்தாள்?

வாய் திறந்தேன். முன்வரிசையில் கும்மிப் பெண்கள். கை நனைத்தது தெரிந்தால் அடுத்த திருவிழாவில் முதல் பாட்டு எனக்குக் கிடைக்குமா? அந்த ஒரு நொடிக்குள் அவ்வளவையும் கணக்குப் போட்டது இந்தப் பாழும் மனம்!

“யாரு இருக்கா தம்பி? எல்லாம் ஓட்டல் சாப்பாடுதான்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மாரியாயி சேலை முந்தானையைச் சரி செய்துகொண்டு, பொங்கல் வாங்காமலே கீழ் லயத்துக்கு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை வழக்கம்போல என் வீட்டுக் கானைக் கூட்ட வந்தாள். “பயணம் சொகமா இருந்துச்சுங்களாம்மா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் குனிந்து கூட்டத் தொடங்கினாள். நீங்களே சொல்லுங்கள், ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

அந்த வாரமே பாரிஸிலிருந்து செல்வி போன் எடுத்தாள்.

“பெரியம்மா, அம்மா எல்லாம் சொன்னாங்க. கோயில்ல எம் பேரச் சொல்லி, ‘எம் மக மாதிரி பாத்துக்கிட்டா’ன்னு சொன்னீங்களாம்ல? தலைவரே கை தட்டுனாராம்ல? அம்மாவுக்கு அழுகையே வந்துருச்சாம்.”

போனைக் காதில் வைத்தபடி வாசலுக்கு வந்தேன். கீழே மாரியாயி குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள்.

“ஆமா புள்ள” என்றேன்.

தகரக் கோப்பையை ஆணியிலிருந்து எடுத்துவிட்டேன். மாரியாயியை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். “வேல கெடக்குங்கம்மா” என்று போய்விட்டாள். பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் வாசற்படி ஏறவில்லை. நான் சொல்லாததை அவள் சொல்லிவிட்டாள், மகளுக்காக. இன்று நான் உண்மையைச் சொன்னால் அந்தத் தாய் பொய்க்காரி ஆவாள். சொல்லாவிட்டால்... போன திருவிழாவிலும் முதல் கும்மியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

செல்வி ஞாயிறுதோறும் எனக்குப் போன் எடுக்கிறாள். “சாப்பிட்டீங்களா பெரியம்மா?” என்றுதான் முதலில் கேட்கிறாள்.