பிள்ளைத்தாச்சிகள் ஏறும் ஜீப்

மலைமேல் இருக்கிற பிள்ளைத்தாச்சிகளை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்ப்பதுதான் ஜீப்கார அக்காவின் பிழைப்பு. போட்ட வருஷமே பெயர்ந்துபோன ரோட்டில் கற்கள் வண்டியின் அடிவயிற்றைப் பதம்பார்த்தன. வண்டியை உயர்த்த மெக்கானிக்கிடம் போனாள்.

அவன் பழைய ஸ்பிரிங் மேல் வைக்கிற கட்டையைக் காட்டினான். "இதுதான் மலிவுக்கா. வண்டி கெத்தா நிக்கும்."

"குலுங்காதா?"

"கொஞ்சம் குலுங்கும்."

அவளுக்குச் சுருக்கென்றது. "வலியில துடிக்கிறவளுக்குக் கெத்து எதுக்குடா? நல்ல ஸ்பிரிங்கும் அதுக்கேத்த ஷாக் அப்சார்பரும் மட்டும் போடு. பெரிய டயர், பம்பர்னு எதையும் என் தலையில கட்டாத."

மறுவாரம் ஒரு பிள்ளைத்தாச்சியோடு மலையிறங்கும்போது அடியில் ஒரு கல்லும் இடிக்கவில்லை. பின்சீட்டில் மகளைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா, "வண்டி நல்லா போகுதும்மா" என்றாள்.

"வண்டியைத் தூக்கிட்டேன். இந்த ரோட்டைப் போட்டவனைத் தூக்கி உள்ள வைக்கத்தான் ஆளில்ல" என்று கியரை மாற்றினாள் அக்கா.