மே மாதத்தில் வரைந்த மனை

அந்த மனையை மே மாதத்தில் போய்ப் பார்த்தது நான் செய்த தப்பு. பார்த்ததை அழகாக வரைந்தது அதைவிடப் பெரிய தப்பு.

ஓவியக் கல்லூரியில் நான்கு வருடம் படித்தவள் நான். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரை என்பதுதான் அங்கே எங்கள் வேதம். அதன்பின் கட்டடக்கலைக்கு ஐந்து வருடம். நான் படித்து முடிப்பதற்குள் தனக்கு அறுபதாம் கல்யாணம் வந்துவிடும் என்று அப்பா கிண்டல் செய்வார். பிறகு சென்னையில் ஒரு பெரிய அலுவலகத்தில் ஏழு வருடம், மற்றவர்களின் கட்டடங்களுக்குப் படிக்கட்டும் கழிப்பறையும் வரைந்தேன். போதும் என்று தோன்றிய நாளில் மன்னார்குடிக்குத் திரும்பி, ஒரு மருந்துக்கடை மாடியில் அறை பிடித்தேன். பெயர்ப்பலகையை நானே எழுதினேன். ஆனால், சொந்தப் பொறுப்பில் ஒரு வீட்டுக்கு நிலை வைத்த பிறகுதான் அதை மாட்டுவது என்று ஒரு வீம்பு. பலகை சுவரைப் பார்த்துக்கொண்டு மூலையில் நின்றது.

முதல் வேலை, ஊருக்குத் தெற்கே வயல்களை ஒட்டி ஒரு வீடு. வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். இங்கே எல்லாம் அவர் மனைவிதான். கடற்கரை ஊரில் பிறந்தவர், வயல் பழக்கம் இல்லை. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை இன்ஜினியரம்மா என்பார். நான் ஆர்க்கிடெக்ட் என்று இரண்டு தடவை திருத்தினேன். "சரிங்க இன்ஜினியரம்மா" என்றார். விட்டுவிட்டேன்.

மனையின் மேற்கு ஓரமாக ஒரு தாழ்வான தடம் போயிற்று. வெடித்த மண், எருக்கஞ்செடி, பிளாஸ்டிக் பைகள். ஆடுகள் அதில் நடந்து போயின. பாதை என்று வரைந்தேன். அதைத் தூர்த்து, அதன்மேல் கூடத்தை நீட்டினேன். பத்திரத்தில் 'மாமூல் வாய்க்கால் பாத்தியம் உட்பட' என்று ஒரு வரி இருந்தது. எல்லாப் பத்திரத்திலும் வருகிற வரிதானே என்று தாண்டிப் போனேன். டெல்டாவிலேயே வளர்ந்தவள் இப்படிச் செய்தாள் என்று சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. இப்போது என் அலுவலகத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள். தண்ணீர் வருவதற்கு முன்னால் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை பார்க்காத மனைக்கு யாரும் பென்சில் எடுக்கக் கூடாது. வீடு கட்டுகிறவர்கள் அவசரப்படுவார்கள். படட்டும்.

அணை திறந்து பல நாள் கழித்துத்தான் எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வந்தது. காலையில் மேஸ்திரி கூப்பிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால், கூடத்துக்குத் தோண்டிய அஸ்திவாரத்தில் முழங்காலளவு தண்ணீர். கரையில் மண்வெட்டியோடு ஒரு விவசாயி நின்றார்.

"இதுலதாங்க என் வயலுக்குத் தண்ணி வரணும். அங்க நாத்தங்கால் காயுது" என்றார்.

மேஸ்திரி என்னை ஓரமாக அழைத்தார். "பைப்பப் போட்டு மூடிட்டு மேல கட்டிடலாம் மேடம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

பைப் இரண்டு வருடத்தில் அடைத்துக்கொள்ளும். அவர் வயல் காயும், இவர்கள் கூடம் ஈரம் கோக்கும். இருந்தாலும் அந்த யோசனை எனக்கு இனித்தது. பைப்போடு சேர்த்து என் தப்பும் மூடிப்போகும். உண்மையைச் சொன்னால் முதல் வேலையே கைவிட்டுப் போகும். ஒரு மணி நேரம் அந்தக் கரையிலேயே நின்றேன். பிறகு அக்கா வீட்டுக்குப் போனேன்.

வீட்டுக்காரர் போனில் முகம் தெரியப் பேசிக்கொண்டிருந்தார். இருவரும் கேட்கும்படி சொன்னேன்.

"தப்பு என்னோடது. பாதைன்னு வரைஞ்சேன், அது வாய்க்கால். வீட்ட எட்டடி கிழக்க தள்ளணும், கார் நிறுத்துற இடம் போயிடும். படத்தப் புதுசா வரைஞ்சு தர்றேன். பைப் போட்டு மூடணும்னா என்னால முடியாதுங்க."

ஒரே மூச்சில் முழுதாகச் சொல்லிவிட்டேன்.

"மொத படத்துலயே தப்பு விட்டவங்கள நம்பி வீட்ட எப்படிக் குடுக்குறது?" என்றார் அவர். நியாயமான கேள்வி.

அக்கா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "தப்புன்னு வந்து சொல்றவங்ககிட்டதான் குடுக்கணும் மச்சான். நீங்க அங்க இருக்கீங்க. இங்க நான் யார நம்புறது?"

மூன்று நாளில் புதிய படம் முடிந்தது. அந்த முதல் நாளே தடத்தில் நாங்கள் தூர்த்திருந்த மண்ணை விவசாயி வெட்டிவிட, தண்ணீர் அவர் நாற்றங்காலுக்குப் போய்விட்டது. நிலை வைத்த அன்று துவா ஓதி, எல்லோர் கையிலும் சர்க்கரை கொடுத்தார்கள். அக்கா போனை என்னிடம் நீட்டினார்.

"அந்த வாய்க்காலக் கொஞ்சம் காட்டுங்க" என்றார் வீட்டுக்காரர். காட்டினேன். வெயிலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "அப்படியே கொஞ்ச நேரம் வெச்சிருங்க இன்ஜினியரம்மா" என்றார். கை வலிக்கும் வரை பிடித்திருந்தேன்.

அன்று மாலை பலகையைச் சுவரிலிருந்து திருப்பி, தூசி தட்டி, வாசலுக்குக் கொண்டுபோனேன். முதல் ஆணி கோணலாக இறங்கியது. பிடுங்கிவிட்டு மறுபடி அடித்தேன்.