மணிக்கட்டை ஊன்றாத ஆறு வாரங்கள்

முதல் வலி வலது கட்டை விரலின் அடியில் வந்தது. கைப்பேசியில் காணொளி பார்த்து பிளாங்க் (உள்ளங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகைபோல நிறுத்தும் பயிற்சி) செய்துகொண்டிருந்தேன். சுளீரென்று இழுத்தது. பழகினால் சரியாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அது தவறு.

நான் ஆசைக்காகப் பிலாட்டஸ் (வயிறு, முதுகுத் தசைகளை மூச்சோடு சேர்த்து வலுவாக்கும் பயிற்சி முறை) தொடங்கவில்லை. என் கணவர் குமரேசன் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். வண்டி மேலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டதில், இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இரண்டு வருடமாகக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், அங்கிருந்து கழிப்பறைக்கும் அவரைத் தூக்கியது நான்தான். என் முதுகு பிடித்துக்கொண்டபோது, மருத்துவமனையில் வயிற்றுத் தசைகளை வலுவாக்கச் சொன்னார்கள்.

மணிக்கட்டு வலியை ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு காலை, அவருடைய அக்குளில் கைகொடுத்துத் தூக்கும்போது என் பிடி விட்டுப்போனது. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே சரிந்தார். இரும்புச் சட்டத்தில் தலை மோதும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க... ஏனுங்க, பேசுங்க!"

"ஒண்ணுமில்ல அம்மிணி. மண்டைல பட்டதனால வலி தெரியுது. கால்ல பட்டிருந்தா அதுவும் தெரிஞ்சிருக்காது" என்று சிரிக்கப் பார்த்தார். புருவத்தின் மேல் ரத்தம் வடிந்தது.

அவருக்குத் தையல் போட்டதும், சேலத்தில் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் என் கையைக் காட்டினோம். கட்டை விரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடி, கையைச் சுண்டு விரல் பக்கம் சாய்க்கச் சொன்னார். கத்திவிட்டேன். கட்டை விரலை இழுக்கும் தசைநாண்களின் (தசையை எலும்போடு சேர்க்கும் நார்கள்) உறை வீங்கியிருந்தது. ஆறு வாரம் ஸ்பிளின்ட் (விரலையும் மணிக்கட்டையும் அசையாமல் பிடிக்கும் பட்டை) போட வேண்டும். எதையும் தூக்கக் கூடாது.

"அப்ப இவரை யாருங்க தூக்கறது?" என்றேன்.

மருத்துவர் குமரேசன் பக்கம் திரும்பினார். "உங்க தோள் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?"

இரண்டு வருடத்தில் அதை அவரிடம் யாரும் கேட்டதில்லை. நானும்தான்.

மருத்துவர் சொன்னபடி, சூரமங்கலத்தில் பிலாட்டஸ் கற்றுத்தரும் பிசியோதெரபிஸ்ட் ஆயிஷாவிடம் இருவருமே போனோம். "அக்கா, வலிக்கிற கைமேல நிக்கறது பயிற்சியே இல்ல" என்றார். ஆறு வாரமும் மல்லாந்து படுத்தபடியே, மூச்சோடு சேர்த்து வயிற்றை இறுக்கப் பழகினேன். பட்டை கழன்ற பிறகு, முழங்கைகளை ஊன்றி சில நொடி பிளாங்க். பிறகு சுவரில் உள்ளங்கை வைத்து மெல்லத் தள்ளுவது. அவ்வளவுதான்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் மணிக்கட்டு வலித்தால், அந்த அசைவை அங்கேயே நிறுத்துங்கள். வீக்கமோ மரத்துப்போவதோ இருந்தால் மருத்துவரிடம் போங்கள். காணொளியில் பேசுகிறவருக்கு உங்கள் கை தெரியாது.

அந்த வாரங்களில் குமரேசனின் தம்பிதான் வந்து தூக்கிவிட்டார். ஆயிஷா குமரேசனுக்குக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் பாலம்போலப் போட ஒரு வழவழப்பான பலகை கொடுத்து, அதன்மேல் உட்கார்ந்தபடி கை ஊன்றி நகரக் கற்றுத்தந்திருந்தார். ஐந்தாம் வாரம் ஒரு காலை, தம்பி வருவதற்குள் குமரேசனே பலகையை இழுத்துப் போட்டார்.

"நீ கைய வெக்காத அம்மிணி."

பாதியில் நின்றுவிட்டார். தோள்கள் நடுங்கின. பலகை லேசாக ஆடியது. என் கைகள் தாமாக நீண்டன. இழுத்து முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். பட்டைக்குள் விரல் துடித்தது. அவரைத் தூக்கியபோதுகூட எனக்கு அவ்வளவு வியர்த்ததில்லை. அவர் மூச்சு வாங்கினார், மறுபடி ஊன்றினார், ஒரு சாண் நகர்ந்தார். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பட்டையைக் கழற்றி ஆறு மாதமாகிறது. உள்ளங்கையை ஊன்றி நிற்க என்னால் இன்னும் முடியவில்லை. முடியாமலே போகலாம். முன்பு கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நான் அவரை இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடுவேன். இப்போது அவரே நகர்வதற்குப் பத்து நிமிடம் ஆகிறது. அந்தப் பத்து நிமிடத்தை இரண்டு வருடமாக அவருக்குக் கொடுக்காமல் வைத்திருந்தது நான்தான்.