தயிர் உறையாத வீடு

என் அப்பா பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான். கொரோனா தெருத்தெருவாக வந்துகொண்டிருந்த காலம். ஜெயங்கொண்டம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம் நடக்கும். அவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

“தெனம் காலையில ஒரு சொம்பு மோரு குடிக்கிறவன் நான். எனக்கு எதுக்கு ஊசி?” என்பார்.

போதாக்குறைக்கு, தயிரில் இருக்கும் நல்ல கிருமி எந்த வைரஸையும் விரட்டிவிடும் என்று யாரோ ஒரு புண்ணியவான் அவர் செல்லுக்கு வீடியோ அனுப்பிவிட்டான். எங்கள் முந்திரிக் கொல்லைக்கு வேலைக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் அதைப் போட்டுக் காட்டினார். பெரம்பலூரில் வேலை பார்த்த நான் அப்போது ஊரோடு வந்துவிட்டிருந்தேன். எனக்குத் தெரிந்த டாக்டரிடம் போனில் கேட்டேன். “தயிர் வயித்துக்கு நல்லதும்மா, எதிர்ப்பு சக்திக்கும் கொஞ்சம் உதவலாம். ஆனா ஊசி செய்யற வேலைய மோர் செய்யாது” என்றார். அப்பா அதில் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

அந்தச் சித்திரையில்தான் அம்மாவின் தம்பி கொரோனாவில் போய்ச் சேர்ந்திருந்தார். அவரும் மோர் குடித்து வளர்ந்தவர்தான். அம்மா அதைச் சொல்லி வாதாடவில்லை. ஒரு சாயங்காலம் பாலைக் காய்ச்சி ஆறவைத்தாள், உறை ஊற்றாமல் மூடிவைத்தாள்.

“நீங்க ஊசி போட்டுக்கற வரைக்கும் இந்த வூட்ல தயிர் கெடையாது. இருந்த உறைமோரையும் முருங்கைக்கு ஊத்திட்டேன்.”

அப்பா சிரித்தார். மறுநாள் ரசத்தோடு கை கழுவ வேண்டி வந்தபோது சிரிப்பு காணாமல் போனது. பாக்கெட் தயிரை அவர் தயிர்க் கணக்கிலேயே சேர்க்க மாட்டார். பொழுது சாய்ந்ததும் கிண்ணத்தோடு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றார்.

“வெளக்கு வச்சாச்சே மாமா” என்றாள் அந்த வீட்டு மருமகள்.

விளக்கு வைத்த பிறகு தயிரோ மோரோ வாசல் தாண்டினால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பிறந்ததிலிருந்து இந்த ஊரிலேயே இருப்பவருக்கு அது மறந்துபோனது என்றால், நாக்கு என்ன பாடு படுத்தியிருக்கும். விடிந்ததும் மறுபடி போனார். “ஒங்க வூட்டு அத்தை குடுக்க வேணாம்னு சொல்லிட்டாங்களே மாமா.” தெருவே அம்மா கட்சியாகியிருந்தது.

கடைசியில் மிளகாய்க் காம்பை நம்பினார். உறை இல்லாவிட்டால் ஆறிய பாலில் காம்பைப் போட்டு வைப்பார்கள், தயிராகிவிடும். காம்பே உறையவைக்கும் என்றால் மிளகாயும் சேர்ந்தால் இன்னும் கெட்டியாக உறையும் என்று அவராக முடிவு கட்டி, இரண்டையும் நுணுக்கிக் கொதிக்கிற பாலில் போட்டுவிட்டார். காலையில் பார்த்தால் திரிந்த காரப் பால். வீம்புக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் முட்ட, “நல்லாத்தான் இருக்கு” என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கு அந்த மனிதர் மேல் அப்படியொரு பிரியம் பொங்கியது.

அடுத்த முகாமுக்கு யாரும் சொல்லாமலே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். நர்ஸிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “இனிமே மோரு குடிக்கலாம்ல?”

திரும்பி வந்தபோது இலையில் சோறும் பக்கத்தில் தயிரும் இருந்தன. அவர் போகப்போகிறார் என்பதை எப்படித்தான் மோப்பம் பிடித்தாளோ, அம்மா முதல் நாளே எங்கேயோ உறை வாங்கி ஊற்றியிருக்கிறாள். அப்பா ஆசையாகப் பிசைந்துகொண்டே கேட்டார்.

“நீ எப்ப போட்டுக்கிட்ட?”

“நான் இன்னும் போடல.”

அவள் முன்பே போட்டுக்கொண்டாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“என்னை இந்தப் பாடு படுத்திட்டு, நீ ஏன் போடல?”

“நீங்க போட்டுக்காம நான் மட்டும் போட்டுக்கிட்டு, யாரோட இருக்கறதுக்கு?”

அப்பா ஒரு வாய்கூட வைக்காமல் எழுந்து கையைக் கழுவினார்.

“முகாம் இன்னும் முடிஞ்சிருக்காது. பொடவைய மாத்திக்கிட்டு வா” என்றார்.