திங்கட்கிழமை மாட்டுக்கு மட்டும்

திம்மராயன் ஒரு நாள் சும்மா இருக்க வேண்டுமானால் அவனைக் கட்டித்தான் போட வேண்டும் என்று எங்கள் ஊரில் கேலி பேசுவார்கள். கட்டியும் போட்டார்கள். அப்போதும் அவன் சும்மா இருக்கவில்லை.

ஓசூர்ப் பக்கத்துத் தளிக்கு இரண்டு மைல் இப்பால் எங்கள் ஊர். அவனுக்கு மூன்று ஏக்கர் கேழ்வரகுக் காடும் ஒரு ஜோடி மாடும் இருந்தன. ஊர்க்கோடியில் கரடிமனை இருந்தது. உடற்பயிற்சிக் கூடத்துக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். கன்னடக்காரர்கள் வைத்தார்கள், தமிழ் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் அப்படியே சொல்கிறோம். உள்ளே செம்மண் குழி, சுவரில் ஆஞ்சநேயர் படம், மூலையில் கர்லாக்கட்டைகள், குழி ஓரத்தில் ஒரு குண்டுக்கல். திம்மராயன் விடிவதற்குள் அங்கே போய் இருநூறு தண்டாலும் முந்நூறு பஸ்கியும் எடுத்து, கடைசியில் அந்தக் கல்லை மார்பு வரைக்கும் மூன்று தடவை தூக்கி இறக்கிவிட்டுத்தான் கஞ்சி குடிப்பான். கல்யாணத்தன்றுகூட மஞ்சள் துணியோடு போய்விட்டு வந்தான். மாப்பிள்ளையைக் காணோம் என்று பெண் வீட்டார் பயந்துபோனார்கள்.

நானும் அங்கே போனவன்தான். சரியாக மூன்று மாதம். நாலாவது மாதம் குளிர் வந்தது, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அதற்காக இன்றுவரை எனக்கு மனசு உறுத்தியதில்லை. அவனும் ஒரே ஒரு நாள் அப்படிப் போர்த்திக்கொண்டான். அது அவனை விடவில்லை.

நாற்பத்தாறாம் வருஷம் மார்கழி மாதம். அப்போது அவனுடைய அண்ணன் கங்கப்பன்தான் எங்கள் பக்கத்தில் பேர்போன பயில்வான். ஓசூர் தேர்த் திருவிழாக் குஸ்தியில் இறங்கப் போகிறார் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் கல்லைத் தூக்குவார்கள், ஒருத்தர் தூக்கினால் மற்றவர் பக்கத்தில் கை கொடுக்க நிற்பார். அன்றைக்குத் தம்பி தூங்கிவிட்டான். அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தனியாகத் தூக்கினார். கல் வழுக்கி, அவருடைய இடது கை அதற்கும் குழியின் ஓரக் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஓசூருக்கு வண்டியில் கொண்டுபோனோம். மூன்று விரலை எடுத்துவிட்டார்கள்.

கங்கப்பன் தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று திம்மராயன் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். கன்னத்தில் இரண்டு அறை வாங்கியிருந்தால் அன்றோடு போயிருக்கும். வாங்காத அறைக்காக அவன் தினமும் தண்டால் எடுத்தான்.

அதற்குப் பிறகு கரடிமனைக்கு ஒரு கட்டுப்பாடு வந்தது. கூட ஆள் இல்லாமல் யாரும் குழியில் இறங்கக் கூடாது. நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் சில மாதத்திலேயே ஆட்கள் குறைந்தார்கள். சிலர் பெங்களூர் மில் வேலைக்குப் போனார்கள், சிலர் என்னைப் போல் கம்பளிக்குள் போனார்கள். மிஞ்சியது திம்மராயன் ஒருத்தன். கூட இருக்க ஆள் வேண்டுமே. கரடிமனைக்கு அடுத்த வீட்டில் இருந்த கங்கப்பன் வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். குளிரானாலும் மழையானாலும் முக்காடு போட்டபடி தம்பியின் தண்டாலை எண்ணிக்கொண்டிருப்பார். அண்ணனுக்கு இந்த இடத்தைப் பார்த்தால்தான் நிம்மதி என்று தம்பி நினைத்தான். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

எங்கள் பக்கத்தில் திங்கட்கிழமை மாட்டை ஏரில் பூட்ட மாட்டோம். அது பசவனுக்கு, அதாவது நந்திக்கு, உரிய நாள். எவ்வளவு அவசரமானாலும் மாடு கொட்டகையில் நிற்கும். திம்மராயன் அன்றைக்கு மாடுகளைக் குளிப்பாட்டி, கொள்ளுத் தண்ணீர் வைத்து, கழுத்தைத் தடவிக்கொடுப்பான். கரடிமனையிலிருந்து வந்த பிறகுதான் இதெல்லாம்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் அவன் வலது தோள் பிடித்துக்கொண்டது. தலைப்பாகை கட்டக்கூடக் கை மேலே போகவில்லை. எலும்புக் கட்டுக்காரர் வந்து முட்டைக்கருவில் பத்துப் போட்டு, தோளையும் கையையும் மார்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். இருபது நாள் ஒரு சொம்பைக்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் விடியலில் திம்மராயன் கரடிமனையில் பஸ்கி எடுத்துக்கொண்டிருந்தான். காலுக்குக் கட்டுப் போடவில்லையே என்று அவன் நியாயம் பேசியதாக அவன் மனைவி பூவம்மாள் எங்கள் வீட்டில் வந்து அழுதாள்.

நான் போய்க் கேட்டேன். ஒரு நாள் படுத்ததற்கு மூன்று விரல் போயிற்று, இருபது நாள் படுத்தால் என்ன போகுமோ என்றான். சிரிப்பதா திட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். அவன் காதில் எதுவும் ஏறவில்லை.

கட்டுப் போட்ட எட்டாம் நாள் மறுபடியும் போனேன். அறிவுரை சொல்ல இல்லை, கொள்ளு விதைக்க அவனுடைய மாடுகளை இரவல் கேட்கத்தான். கரடிமனை வாசலில் கங்கப்பன் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவன் கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் குண்டுக்கல்லின் முன்னால் நின்றான். அண்ணன் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் குனிந்து தூக்கிவிட்டான். கல் இடுப்பு வரை வந்தது. அங்கேயே தோள் கைவிட்டுவிட்டது. அவன் முகம் கோணுவதைப் பார்த்து நான் வாசலில் உறைந்து நின்றேன். கங்கப்பன் அப்படி நிற்கவில்லை. பாய்ந்து போய்க் கல்லுக்கு அடியில் அந்த இரண்டு விரல் கையைக் கொடுத்தார்.

நல்லவேளை, கல் புரண்டு இரண்டு பேர் காலுக்கும் நடுவில் மண்ணில் விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திம்மராயன் அண்ணனுடைய கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தான்.

கங்கப்பன் கையை உருவிக்கொண்டார். ஒன்பது வருஷமாக அதைப் பற்றிப் பேசாத மனுஷன் அன்றைக்குத்தான் பேசினார்.

"திம்மா, நான் எதுக்குடா தெனமும் இங்க வந்து குந்தறேன்? நீ வர்றதால வர்றேன். நீ தனியா தூக்கி உனக்கும் இப்பிடி ஆயிடக் கூடாதுன்னு வர்றேன். என் விரலைத் தின்ன கல்லு அது. அதப் பாத்துத்தான் எனக்குப் பொழுது விடியுது."

திம்மராயன் மறுபடியும் அந்தக் கையைப் பிடிக்கப் போனான். அவர் கொடுக்கவில்லை.

"மாட்டுக்குத் திங்கக்கெழம லீவு உடறியே. எனக்கு ஒரு நாளு உட்டியாடா?"

அவ்வளவுதான். குழியை விட்டு ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். திம்மராயன் அந்தக் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். நான் மாடு கேட்க வந்ததையே மறந்து, அவிழ்ந்து கிடந்த துணியை எடுத்துத் தெரிந்தமட்டும் அவன் தோளைக் கட்டினேன்.

கட்டுக்காரர் வந்து திட்டிவிட்டு மறுபடியும் கட்டினார், மேலும் ஒரு மாதம் என்றார். இந்தத் தடவை அவன் எதிர்த்துப் பேசவில்லை. கரடிமனையைப் பூட்டிச் சாவியை அண்ணியிடம் கொடுத்துவிட்டான். தோள் சரியான பிறகும் திங்கட்கிழமை திறப்பதில்லை என்று அவனே அண்ணனிடம் சொன்னான். கங்கப்பன் சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

பூட்டிய மறுநாள் திங்கட்கிழமை. வழக்கம்போல் இருட்டிலேயே விழித்துக்கொண்டான். படுத்துப் பார்த்தான். ஏதோ திருடுகிற மாதிரி இருந்ததாம். கோழி கூவியது, மாடுகள் அசைபோட்டன, ஊரில் எல்லாருக்கும் பொழுது விடிந்தது. அவனால் அதற்கு மேல் முடியவில்லை. எழுந்து கரடிமனைப் பக்கம் நடந்தான். பூட்டுத் தொங்கியது. அடுத்த வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே கங்கப்பன் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். வெயில் காலில் விழுந்தும் அசையவில்லை. விரல் போன கை கம்பளிக்கு வெளியே மல்லாந்து கிடந்தது.

வாசல் தெளித்துக்கொண்டிருந்த அண்ணி சென்னம்மா, எழுப்பிவிடாதே என்று கையால் காட்டினாள். பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள்.

"இப்பிடி அவரு தூங்கி ஒம்பது வருசமாச்சு, திம்மா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னாள். திம்மராயன் நேராக என் வீட்டுக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். இதுவரை ஒரு நாள் தூங்கின பாவம்தான் என் தலையில் இருந்தது, இப்போது ஒன்பது வருஷம் அண்ணனைத் தூங்கவிடாத பாவமும் சேர்ந்துவிட்டது என்றான். அவனுக்கு வேறொரு குற்றம் கிடைத்துவிட்டது, இனி அவனைப் பிடிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு நான் காபி கொடுத்தேன்.

தோள் சரியாயிற்று. செவ்வாய் முதல் ஞாயிறு வரை மறுபடியும் தண்டால், பஸ்கி. கல்லை மட்டும் தொடுவதில்லை. அதை அவனும் நானும் உருட்டிக்கொண்டுபோய் ஏரிக்கரையில் போட்டுவிட்டோம். கல் இல்லாத கரடிமனையில் காவலுக்கு ஆள் எதற்கு என்று கங்கப்பனை வர வேண்டாம் என்றுவிட்டான். கூட ஆள் வேண்டும் என்ற கட்டுப்பாடு மட்டும் அப்படியே இருந்தது. ஆறு நாளும் வாசற்படியில் முக்காடு போட்டு உட்கார்ந்து நான் எண்ணுகிறேன்.

திங்கட்கிழமை எனக்கும் விடுமுறை. அவனுக்குத்தான் இல்லை. விடிந்ததும் அண்ணன் வீட்டு வாசலுக்குப் போய், அவர் தூங்குகிறாரா என்று பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பி வந்து படுத்துக்கொள்கிறான். தூக்கம் மட்டும் வரவில்லை என்கிறான்.