ஹட்டனில் ஜெரோம்: கைக்குழந்தையோடு ஒரு பொப் கச்சேரிப் பயணம்

எழுபத்தொன்பதாம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில், பொப் பாடகர் ஜெரோமின் நிகழ்ச்சியைப் பார்க்க ராகலையிலிருந்து ஹட்டனுக்குப் போய் வந்தேன். ஒன்றரை வயது மகன் ரவியையும் தூக்கிக்கொண்டு போனதால், பள்ளிக்கூடத்தில் என்னோடு படிப்பிக்கும் ஆசிரியைகள் என்னைக் கேள்வி கேட்காமல் விடவே இல்லை. எந்த வண்டியில் போனாய், எங்கே தங்கினாய், பிள்ளை அழவில்லையா? விவரமாக எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு ஐந்து மாதம் தள்ளிப்போட்டேன். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத வராததுதான் தாமதத்துக்குக் காரணம்.

ஜெரோமைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். மாதா கோயிலில் பாடித் திரிந்த வயதில், இரண்டு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தத்தில் குடும்பத்தோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து எப்படியோ சிங்கப்பூர் போய், ஒரு குழுவில் சேர்ந்து பாட்டுக்காரரானார். அவருடைய புது இசைத்தட்டு வந்ததும் அதைப் பாடிக்காட்ட நாடு நாடாகக் கிளம்பினார். நோட்டீஸில் ஊர்ப் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன: சிங்கப்பூர், கோலாலம்பூர், லண்டன், கொழும்பு, ஹட்டன். "பாத்தீங்களா அண்ணி, லண்டனுக்கு ரெண்டு வரி கீழ ஹட்டன். பக்கத்துக் கொட்டகலைய மட்டும் உட்டுட்டான்" என்று என் நாத்தனார் மல்லிகா சிரித்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. ஜெரோம் பாட்டென்றால் வானொலிப் பெட்டியை விட்டு நகரமாட்டாள்.

மல்லிகா போனது பாட்டுக்காக. நான் போனது நோட்டீஸின் கடைசி வரிக்காக: 'மலைநாட்டில் இதுவரை எவரும் கேட்டிராத சத்தம்!' கொழும்பிலிருந்து லொறியில் ஸ்பீக்கர் பெட்டிகள் வருகின்றனவாம்.

ரவியைக் கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை. குசினியில் சட்டி மூடி விழுந்தால் நான் பதறுவேன், அவன் பாட்டுக்கு விளையாடுவான். ஆனால் கதவு திறந்தால் பார்ப்பான், நிழல் விழுந்தால் பார்ப்பான். தபால் கந்தோரில் வேலை செய்யும் என் கணவர், "எங்கப்பாவே மூணு வயசுலதான் வாயத் தொறந்தாரு, நீ சும்மா கெட" என்பார். டாக்டரிடம் காட்டலாம்தான். காட்டினால் அவர் ஏதாவது சொல்லிவிடுவாரே என்று பயம். இந்தப் பெரிய சத்தத்துக்கு ஒரே ஒரு தடவை அவன் திரும்பினால் போதும், வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்குவேன் என்று நினைத்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை பஸ்ஸில் கிளம்பினோம். ராகலையிலிருந்து கந்தப்பளை வழியாக நுவரெலியாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். பிள்ளை வைத்திருப்பவர்கள் எஞ்சின் பக்கத்து இருக்கையைப் பிடியுங்கள், சூடாக இருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. டிரைவர் ஒரு சிங்களவர், எங்கள் தமிழ் அவருக்கு அரைகுறையாக வரும்.

"நோனா, பெட்டியோட எங்க? அந்தப் பாட்டுக்காரன் பாக்கவா போறது?"

"ஆமாங்க, ஹட்டனுக்கு" என்றாள் மல்லிகா. "நீங்களும் வாங்களேன், பைலா பாடுவாரு."

"நான் வந்தா பஸ் யாரு ஓட்டுறது? நீயா?" என்று சிரித்தவர், ரவியைப் பார்த்து, "பபாவுக்கு இப்பவே நான் பாட்டு போடுறேன்" என்று வளைவுக்கு வளைவு ஹோர்னை நீட்டி அடித்தார். பின்னால் யாரோ திட்டினார்கள். ரவியோ வைப்பர் போய்வருவதைப் பார்த்துக் கைகொட்டிக்கொண்டிருந்தான். "பபாவுக்கு நம்ம பாட்டு புடிக்கல்ல போல" என்றார் டிரைவர். நானும் சிரித்துவைத்தேன்.

நுவரெலியாவில் பஸ் மாறி நானுஓயா ஸ்டேஷன். அங்கிருந்து ஹட்டனுக்கு ரயிலில் ஏறக்குறைய இருபது மைல், வண்டி பிந்தாவிட்டால் ஒன்றரை மணி நேரம். மூன்றாம் வகுப்பே போதும், கைக்குழந்தைக்கு டிக்கட் கேட்கமாட்டார்கள். வட்டகொடையில் வடை ஏறும், தலவாக்கலையில் கூட்டம் ஏறும். அன்றைக்கு ஏறியவர்களில் பாதிப்பேர் கச்சேரிக்குத்தான். பெண்கள் நல்ல சேலையைக் கட்டி, அதன்மேல் கம்பளிச் சட்டையை மாட்டியிருந்தார்கள்.

கொட்டகலையைத் தாண்டினால் ஹட்டனுக்கு முன்பாகச் சிங்கமலைச் சுரங்கம். இந்தப் பாதையில் போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பெட்டியிலிருக்கும் அத்தனை பேரும் 'ஹூ' என்று ஊளையிடுவார்கள். கிழவர்கள்கூட விடமாட்டார்கள். எல்லாரையும்விட மல்லிகாவின் குரல்தான் உரக்கக் கேட்டது. இருட்டில் ரவி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தான். உடம்பு நடுங்கியது.

கேட்டுவிட்டது! என் பிள்ளைக்குக் கேட்டுவிட்டது!

வெளிச்சம் வந்ததும் மல்லிகா அவன் கன்னத்தைக் கிள்ளினாள். "என்னா மருமகனே, இருட்டுக்குப் பயந்துட்டீங்களா?"

இருட்டு. அது எனக்குத் தோன்றவே இல்லை. ஹட்டனில் இறங்கும்வரை, இருட்டா சத்தமா, இருட்டா சத்தமா என்று மனசு அடித்துக்கொண்டது.

ஸ்டேஷனிலிருந்து கச்சேரி நடக்கும் படமாளிகைக்குக் கால் மணி நேர நடை. ஏற்றம், மழையில் வழுக்கும். கடைத்தெருவில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்தோம். மூன்று மணிக் காட்சிக்கு இரண்டு மணிக்கே வரிசை. டிக்கட் பத்து ரூபாய், எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். நான் நேராக முன்வரிசைக்குப் போய், இடப்பக்க ஸ்பீக்கர் பெட்டிக்கு அடியில் உட்கார்ந்தேன். பெட்டி ஆளுயரம் இருந்தது.

"என்னாங்க அண்ணி, படத்துக்குப் போனா பின்வரிசைதான் வேணும்பீங்க, இன்னைக்கு மேடையிலயே ஏறி ஒக்காந்துருவீங்க போலருக்கே?"

"அவரு மொகம் நல்லாத் தெரியும்ல" என்றேன்.

"அட, அண்ணனுக்குத் தெரியுமா இது?"

வீட்டிலிருந்து கிளம்பும்போதே மாமியார் இரண்டு பஞ்சு உருண்டைகளைக் கொடுத்து, சத்தம் தொடங்குமுன் பிள்ளையின் காதில் வைக்கச் சொல்லியிருந்தார். மல்லிகா அதை மறக்காமல் எடுத்து ரவியின் காதுகளில் பக்குவமாக வைத்தாள். விளக்கு அணைந்ததும் நான் இரண்டையும் எடுத்துவிட்டேன்.

"அண்ணி! காது போயிரும்ங்க!"

"இருக்கட்டும்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ரவியை மேடைக்கு முதுகு காட்டும்படி தோளில் போட்டுக்கொண்டேன். விளக்கையோ ஆட்களையோ பார்த்துத் திரும்பினால் கணக்கில்லை அல்லவா? திரை விலகியது. டிரம்ஸ் முதல் அடி விழுந்தபோது என் பல் ஆடியது. மல்லிகா துள்ளினாள். பக்கத்துப் பெரியவரின் குடை கையிலிருந்து விழுந்தது. வரிசையிலிருந்த பிள்ளைகளெல்லாம் ஒரே நேரத்தில் வீறிட்டன. ரவி கையிலிருந்த பிஸ்கட்டைக் கடித்தான்.

இரண்டாவது பாட்டு. மூன்றாவது. பிஸ்கட் முடிந்தது. அவன் என் தாலிக்கொடியைப் பிடித்து விளையாடினான். பெட்டியின் அதிர்வு தரை வழியாக என் முதுகெலும்பில் ஏறிக்கொண்டிருந்தது, அவனுக்குள்ளும் ஏறியிருக்கும். அது அவனைத் தொட்டிலில் போட்டு ஆட்டியது போலிருக்கிறது. நான்காவது பாட்டில், எவரும் கேட்டிராத அந்தச் சத்தத்துக்கு அடியில், என் பிள்ளை கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனான்.

பக்கத்துப் பெண் என் தோளைத் தட்டினாள். இடுப்பில் அவள் பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது.

"இம்புட்டுச் சத்தத்துலயும் தங்கமாத் தூங்குதுங்களே! என்னாங்க குடுத்தீங்க? எம்புள்ளையப் பாருங்க, சனியன், உசுர வாங்குது. குடுத்து வச்சவங்க நீங்க."

கத்திக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

கச்சேரியைப் பற்றியும் எழுத வேண்டும், அதற்காகத்தானே கேட்டீர்கள். ஜெரோம் வெள்ளைக் கால்சட்டை, பூப்போட்ட சட்டை போட்டிருந்தார். சிங்களத்தில் ஒரு பைலா பாடினார், மண்டபம் முழுக்க எழுந்து ஆடியது. பிறகு கிட்டாரைக் கீழே இறக்கிவிட்டு, தோட்டம் தோட்டமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூலை கத்தியது. ராகலை என்றபோது மல்லிகா ஒருத்தியின் குரல்தான், அதற்கு எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் தான் பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொல்லி, "மேட்டு லயத்துல, கடைசிக் காம்பராதான் எங்க வீடு. இப்ப அதுல யாருங்க இருக்கீங்க?" என்று கேட்டார்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "நாங்கதான் தம்பி! கூரை இன்னும் ஒழுகுதுங்க!"

மண்டபம் அதிரச் சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்தபடியே திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார். டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தார். தகரத்தில் மழை விழுவது கேட்டது. அப்புறம் அவர் திரும்பாமலே, இந்தியாவுக்குக் கப்பலில் போனவர்களைப் பற்றிய பாட்டைத் தொடங்கினார். முன்வரிசையிலிருந்து கடைசி வரை விசும்பல். போனவர்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. நானும் அழுதேன், வாய்விட்டே அழுதேன். சுற்றி எல்லாரும் அழுததால் யாரும் என்னை ஏனென்று கேட்கவில்லை.

"ரொம்பத்தான் உருகிட்டீங்க அண்ணி" என்றாள் மல்லிகா, வெளியே வரும்போது.

அன்றிரவு ஸ்டேஷனுக்குக் கிட்டவே இருந்த அவளுடைய சித்தி வீட்டில் தங்கினோம். உறவுக்காரர் இல்லாதவர்கள் இடத்தை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள், அந்நேரத்தில் மேலே போக வண்டி கிடையாது.

மறுநாள் பதினொரு மணிக்கு மேல்தான் வண்டி. பிளாட்பாரத்தில் ரவியை இறக்கிவிட்டேன், தத்தித் தத்தி ஓரத்தை நோக்கி நடந்தான். மல்லிகா பின்னாலிருந்து கூப்பிட்டாள். "மருமகனே! ஏய் மருமகனே! ரவி!" வண்டியின் ஹோர்ன் பெரிதாகக் கேட்டது. அவன் நடந்துகொண்டே இருந்தான். அவள் ஓடிப்போய்த் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"அண்ணி, நேத்து அந்தப் பஞ்ச ஏன் எடுத்தீங்க?"

சொன்னேன். முதல் தடவையாக ஒருத்தரிடம் சொன்னேன். வண்டியில் ஏறியும் அவள் பிள்ளையை என்னிடம் தரவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

ஹட்டனை விட்டதும் சுரங்கம். இருட்டு வந்தது, பெட்டி முழுக்க 'ஹூ' என்றது. போகும்போது எல்லாரையும்விட உரக்க ஊளையிட்ட மல்லிகாவின் குரல் இப்போது இல்லை. நான் கத்தினேன். ஊளை இல்லை, அவன் பெயரைக் கத்தினேன். ரவீ, ரவீ என்று தொண்டை கிழியக் கத்தினேன். அத்தனை சத்தத்தில் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. வெளிச்சம் திரும்பியபோது என் வாய் திறந்தபடி இருந்தது. மல்லிகாவின் மடியிலிருந்து ரவி என் வாயை உற்றுப் பார்த்தான். பிறகு அவனும் வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினான்.

அடுத்த மாதம் கண்டிக்குக் கூட்டிப்போனோம். கணவரும் வந்தார். டாக்டர் சொன்னதைக் கேட்டுக் கணவர்தான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், எனக்கு ஹட்டனிலேயே தெரிந்துவிட்டது. பிள்ளைக்குப் பழக்கும் வழிகள் இருக்கின்றனவாம், கற்றுக்கொண்டிருக்கிறோம். மல்லிகா இப்போது பாட்டுப் போட்டால், அவன் உள்ளங்கையை வானொலிப் பெட்டியின் பக்கப் பலகையில் வைத்துவிட்டுத்தான் போடுகிறாள்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. குடையும் கம்பளியும் கட்டாயம், ஆகஸ்டில் ஹட்டன் மழை நிற்காது. பிள்ளைக்குப் பாலைப் போத்தலில் சுடச்சுட எடுத்துப்போங்கள், படமாளிகைக்குள் எதுவும் கிடைக்காது. ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள், பஞ்சை எடுக்காதீர்கள். உங்கள் பிள்ளை அழுதால் வெளியே தூக்கி வந்துவிடுங்கள், பக்கத்திலிருப்பவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அழுததற்காக அதைத் திட்டாதீர்கள். சிங்கமலைச் சுரங்கத்தில் ஏறக்குறைய இரண்டு நிமிடம் இருட்டாக இருக்கும், சின்னப் பிள்ளைகள் பயந்துவிடும். அம்மா இங்கேதான் இருக்கிறேன் என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், அடங்கிவிடும். நான் கொட்டகலையிலேயே ரவியின் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.