அத்திவாரத்தைத் தள்ளாத நாள்

எண்பதுகளின் கடைசி. தம்புள்ளைப் பக்கம் மரக்கறி ஸ்டோர் ஒன்றுக்கு அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தோம். பிளான் கீறுபவர் என்ஜினியர், வெயிலில் காய்பவர் டி.ஓ. எனும் தொழில்நுட்ப உத்தியோகத்தர். நான் டி.ஓ., அதிலும் யாழ்ப்பாணத்தான்.

ஒரு காலை, வெட்டிய கிடங்கில் மனித எலும்பு வந்தது.

ஆட்கள் காணாமற்போன காலம் அது. எலும்புக்கு எங்கள் தொழிலில் ஒரு மருந்து வைத்திருந்தோம். எலும்பை மூடிவிட்டு, மண் இளகிவிட்டது என்று சொல்லி அத்திவாரத்தை நாலடி தள்ளிப் போடுவது. பொலிசுக்குச் சொன்னால் எலும்பைக் கண்டவனைத்தான் முதலில் ஜீப்பில் ஏற்றுவார்கள். கண்டவன் தமிழன் என்றால் கேட்கவே வேண்டாம்.

மேசன் பாஸ் பெருமாள், மாத்தளை டவுன்காரர், மண்வெட்டியைக் கீழே வைத்தார். "ஐயா, மண்ணு இளகிருச்சு. தள்ளிருவோம்."

எனக்கும் பயம்தான். ஆனால் எலும்பைச் சுற்றிக் கற்பலகைகள் பெட்டி போல நின்றன. தலைமாட்டில் கறுப்பும் சிவப்புமாய் ஒரு பானை. எங்கள் காலத்துக் கொலைகாரர் பானை வைத்துப் புதைக்கும் அளவுக்கு மரியாதை தெரிந்தவர்களல்லர். துணிந்து தொல்பொருள்காரருக்குச் சொல்லியனுப்பினேன்.

வந்தவர் தூரிகையால் தட்டிப் பார்த்து, எழுத்து வருவதற்கு முந்திய காலம் என்றார். எல்லோருக்கும் உயிர் வந்தது. படுத்த இடத்தைவிட்டு அசையாததால் எலும்புக்கூட்டுக்கு 'என்ஜினியர்' என்று பெயர் வைத்து, அவருக்கும் ஒரு கப் தேத்தண்ணி வைத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் ஒரு சிங்கள அம்மா வந்தார். எலும்புச் செய்தி கேட்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். ஜீப்பில் வந்தவர்கள் வீட்டிலிருந்து கூட்டிப்போன மகன் திரும்பவில்லையாம். இது பழங்காலத்து ஆள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எவ்வளவோ சொன்னேன்.

"பல்லை மட்டும் பார்க்க விடுங்க மாத்தயா," என்றார்.

குனிந்து பார்த்தார். மகனுக்கு முன்பல் பாதி உடைந்திருக்குமாம். இவனுக்கு முழுசாக இருந்தது. அம்மா அழவில்லை. வேறு எங்காவது வெட்டும்போது எலும்பு வந்ததா என்று கேட்டார்.

பெருமாள் பாஸ் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். "ரத்தோட்டை ரோட்டுல ஒரு வேலைங்கம்மா. பின்சுவரு ஒரு இடத்துல வளைஞ்சு போகும். அங்கதான் அத்திவாரத்தத் தள்ளினோம்."

அந்த ஒரு வசனத்துக்கே அவரை ஜீப்பில் ஏற்றியிருப்பார்கள். ரோட்டில் ஜீப் ஏதும் வருகிறதா என்று பார்த்தேன். அம்மா அவரைக் கும்பிட்டுவிட்டு மாத்தளை பஸ்ஸுக்கு நடந்தார். எலும்புக்கூட்டை 'என்ஜினியர்' என்று பிறகு யாரும் சொல்லவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். எலும்பு வந்தால் அத்திவாரத்தைத் தள்ளாதீர்கள். பல்லைப் பார்க்க யாராவது பஸ் ஏறி வருவார்கள்.